அரக்கனின் வரத்தைத் திருத்துபவர்

1974 டிசம்பர் 20ஆம் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘கோல்சாக்: த நைட் ஸ்டோக்கர்’ தொடரின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. சிக்காகோ நகரில் வயோதிபர் நிறைந்த ஒரு பகுதியில் ஆட்கள் கடித்துக் குதறப்பட்டுச் செத்துக் கிடக்கிறார்கள். கொல்வது இந்தியாவிலிருந்து வந்த ஓர் இராட்சதன். யாரைக் கண்டால் ஒருவர் பயமில்லாமல் கிட்டப் போவாரோ, அவருடைய உருவத்திலேயே அது எதிரே வந்து நிற்கும். ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால்தான் அது சாகும்.

சரியாக ஒரு வருடத்தின் பின், 1975 டிசம்பரில், அதே இராட்சதன் ‘த ஸ்ட்ரட்டஜிக் ரிவியூ’ என்ற சிறு சஞ்சிகையின் ஐந்தாவது இதழில் எண்களோடு வந்து இறங்கினான். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தின் சஞ்சிகை அது. தொலைக்காட்சியில் பார்த்த உருமாற்றமும் குறுக்குவில் அம்பும் அப்படியே விதியாயின. 1977இல் வந்த ‘மொன்ஸ்டர் மனுவல்’ நூலுக்கு டேவிட் ட்ராம்பியர் படம் வரைந்தார். புலித்தலை, சீமான் வீட்டு அங்கி, கையில் புகைக்குழாய். அன்றிலிருந்து உலகமெங்கும் மேசைகளில் விளையாடப்படும் ‘ரக்ஷசா’ அதுதான். வால்மீகியும் கம்பரும் காட்டிய எந்த அரக்கனும் குறுக்குவில் அம்பால் மாண்டதில்லை. ஆனாலும் அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் அவனுடைய சாவு அந்த அம்பின் சாயலிலேயே எழுதப்பட்டு வருகிறது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும், நல்லவர் ஒருவர் கையிலுள்ள மந்திர ஆயுதம் குத்தினால் அவனுக்கு இரட்டிப்புச் சேதம்.

இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ ஒரு பல்கலைக்கழக விடுதி அறையில் நாலைந்து பேர் சேர்ந்து இந்த ஆட்டத்தைத் தமிழில் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடத்துபவர் அந்த அம்பு வரியை வெட்டிவிட்டு, தான் சிறுவயதில் கேட்ட அரக்கனுக்கு ஏற்ற வேறு வரியை எழுதலாமா? எழுதலாம். எழுதத்தான் வேண்டும். எப்படி எழுதுவது, எப்போது ஆட்டக்காரருக்குச் சொல்வது என்பதில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. பலகை கட்டாயமில்லை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள்: வீரன், வைத்தியர், திருடன், மந்திரவாதி. ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல் உலகம் முழுவதையும் சொல்லி நடத்துகிறார். அவர்தான் கேம் மாஸ்டர். “கதவைத் தள்ளுகிறேன்” என்று ஆட்டக்காரர் சொன்னால் கதவு திறந்ததா, பின்னால் என்ன நின்றது என்று அவர் சொல்வார். நிச்சயமில்லாத இடத்தில் இருபது முகப் பகடை உருளும். எதிர்ப்படும் பூதங்களுக்கும் மிருகங்களுக்கும் புத்தகத்தில் எண்கள் உண்டு. 2014இன் ஐந்தாம் பதிப்பில் ரக்ஷசாவுக்கு உயிர்ப்புள்ளி 110, காப்பு எண் 16. ஆறாம் படியும் அதற்குக் கீழும் உள்ள மந்திரங்கள் அவன் விரும்பினாலொழிய அவனைத் தொடா. இந்த எண்களையும் வரிகளையும் மாற்றும் முடிவுகளைத்தான் ஆட்டக்காரர்கள் ‘ரூலிங்’ என்கிறார்கள்.

இந்த உரிமை ஆட்டத்துக்குப் பின்னால் ஒட்டவைக்கப்பட்டது அல்ல. ஆட்டமே அதிலிருந்து பிறந்தது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ், படை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர் விளையாட்டை அமைத்தார். நடுவர், வரைபடம், பகடை, அட்டவணை எல்லாம் அதில் இருந்தன. காலப்போக்கில் அட்டவணைகள் பெருகி ஆட்டம் இறுகிப்போனது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அவற்றில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, போர்க்களம் கண்ட நடுவரின் தீர்ப்பே போதும் என்று எழுதினார். அனுபவம் அட்டவணையை வென்ற இடம் அது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், நடுவர் வைத்த பழைய போர் விளையாட்டு நூல் ஒன்றால் தூண்டப்பட்டு ‘பிரௌன்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை நடத்தினார். அதில் ஆடியவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன், 1971இல் ‘பிளாக்மோர்’ என்ற தன் கற்பனை நாட்டைத் தொடங்கினார்.

பிளாக்மோரில் நடந்த ஒரு காரியம் இந்தக் கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. ‘சேர் பேங்’ என்ற பாத்திரம் இரத்தம் குடிக்கும் வாம்பயராக மாறிவிட்டது. மற்றவர்கள் யாராலும் அதைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆர்னசன் வாம்பயரின் பலத்தைக் குறைக்கவில்லை. பழைய திகில் படங்களில் சிலுவையோடு வரும் வேட்டைக்காரரை நினைவில் வைத்து, பேயோட்டும் சக்தி கொண்ட சமயகுரு என்ற புதிய பாத்திர வகையை உண்டாக்கினார். இன்று உலகம் முழுவதும் ‘கிளெரிக்’ என்று ஆடப்படுவது அந்த ஒரு மேசையின் நெருக்கடியில் பிறந்த தீர்ப்பு. ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் எழுதிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதல் புத்தகங்கள் 1974 ஜனவரியில் அச்சானபோது வெளிவந்தவை ஆயிரம் பெட்டிகள். அவற்றில் இருந்த விதிகள் பலவும் இப்படி யாரோ ஒருவருடைய மேசையில் ஒரு இரவு சொல்லப்பட்ட முடிவுகளே.

பூதங்கள் பிறந்த கதையும் அப்படியே. கடையில் மலிவாக விற்ற, ஹொங்கொங்கில் செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொம்மைகளைக் கைகாக்ஸ் மேசையில் வைத்தார். எந்த மிருகம் என்று சொல்ல முடியாத அந்தப் பொம்மைகளிலிருந்துதான் இரும்பைத் துருவாக்கித் தின்னும் ‘ரஸ்ட் மொன்ஸ்டர்’, ஆந்தைத் தலைக் கரடியான ‘அவுல்பெயர்’, நிலத்துக்குள் நீந்தும் ‘புலெட்’ ஆகியவை வந்தன. முதலில் பொம்மை, பிறகு தீர்ப்பு, அதன் பிறகே புத்தகம்.

ஆகவே புத்தகத்தைக் காட்டி “இப்படித்தான் எழுதியிருக்கு” என்று வாதாடும் ஆட்டக்காரர், ஆட்டத்தின் பிறப்பையே மறந்துவிடுகிறார். ஆனால் அவருடைய வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. அது பின்னால் வரும்.

பூதத்தின் விதியை மாற்ற நடத்துநர்கள் சொல்லும் முதல் காரணம், ஆட்டக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது என்பது. ‘ட்ரோல்’ என்ற பூதம் வெட்ட வெட்ட வளரும். நெருப்போ அமிலமோ பட்டால்தான் அது நிற்கும். இந்த யோசனை, போல் அண்டர்சன் என்ற எழுத்தாளர் 1961இல் நூலாக வெளியிட்ட ‘த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்’ நாவலிலிருந்து வந்தது. இன்று பத்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். கைத்தொலைபேசியில் தேடினால் அரை நிமிடத்தில் எண்கள் முழுவதும் கிடைக்கும். அதனால் சிலர் ட்ரோலுக்கு நெருப்பை நீக்கி உப்பையோ வெள்ளியையோ வைக்கிறார்கள். ஆட்டக்காரர் நெருப்போடு வருவார், பூதம் சிரிக்கும். அந்தத் திகைப்பு ஒரு முறை சுவைக்கும்.

திகைப்பு மட்டும் போதாது. உப்புத்தான் மருந்து என்பதை ஆட்டக்காரர் எப்படி அறிந்திருக்க முடியும்? அந்த ஊரின் உப்பளத்துப் பக்கம் மட்டும் ட்ரோல் வருவதில்லை என்று ஒரு கிழவி சொல்லியிருந்தால், வாசல்களில் உப்புக் கோடு கிடந்திருந்தால், மாற்றம் நியாயமானது. அறிகுறி எதுவும் தராமல் நடுச்சண்டையில் “நெருப்பு வேலை செய்யாது” என்று அறிவிப்பது வெறும் அதிகாரம். மேலே சொன்ன வாதக்காரரின் நியாயம் இதுதான்: தான் எடுக்கும் முடிவுக்கு அடித்தளமாக ஏதாவது நிலையாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார்.

இன்னும் ஒன்று அடிக்கடி நடக்கிறது. பெரிய பூதம் இரண்டாவது சுற்றிலேயே சாகப் பார்க்கிறது. கதை சப்பென்று முடிந்துவிடுமே என்று நடத்துபவர் மறைவாக அதன் உயிர்ப்புள்ளியை ஐம்பது கூட்டிவிடுகிறார். மறுபக்கத்தில், ஆட்டக்காரர்கள் செத்துவிடுவார்களோ என்ற இரக்கத்தில் பூதத்தின் அடியைக் குறைத்துச் சொல்கிறார். திரைக்குப் பின்னால் பகடை உருட்டும் பழக்கமுள்ள ஆட்டத்தில் இதைச் செய்வது மிகச் சுலபம். நல்ல நடத்துநர்கள் பலர் இதை ஆதரிக்கிறார்கள். இருந்தும் இது தவறு. உருண்ட பகடைக்கு மதிப்பில்லை என்று ஆட்டக்காரர் ஒரு தடவை சந்தேகித்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எந்த வெற்றியும் அவருடையதாக இருக்காது. சண்டைக்கு முதல் நாள் எண்ணை மாற்றுங்கள், தாராளமாக மாற்றுங்கள். 2014இன் ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்’ நூலிலேயே பூதத்தைத் திருத்தவும் புதிதாக உருவாக்கவும் அட்டவணையோடு ஒரு பகுதி இருக்கிறது. பகடை உருண்ட பின் கை வைக்கக் கூடாது.

எண்ணில் கை வைக்காமலே பூதத்தை மாற்றலாம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1987 நவம்பரில் ‘டிராகன்’ சஞ்சிகையின் 127ஆவது இதழில் ஆசிரியர் ரோஜர் மூர், டக்கர் என்ற நடத்துநரின் கோபோல்டுகளைப் பற்றி எழுதினார். கோபோல்ட் என்பது ஆட்டத்தின் மிக அற்பப் பூதம். ஒரு அடிக்குத் தாங்காது. டக்கரின் கோபோல்டுகளுக்கும் அதே அற்ப எண்கள்தான். ஆனால் அவை ஒளிந்திருந்தன, வழிகளை அடைத்தன, நெருப்பு வைத்தன, வீரர்களை ஒடுங்கிய சுரங்கங்களுக்குள் துரத்தின. பெரும் அசுரர்களோடு மோதத் துணிந்த பாத்திரங்களும் அவற்றைக் கண்டு ஓடின. தன் வீட்டைக் காக்கும் சிறிய உயிர் எப்படி யோசிக்கும் என்று நடத்துநர் நினைத்துப் பார்த்ததே அங்கே நடந்த மாற்றம்.

கிளிநொச்சியும் வவுனியாவும் அடங்கிய வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இந்த விவாதத்தில் சொல்வதற்குச் சொந்தமாக ஒன்று இருக்கிறது. வரம்.

வரம் என்பது விதிதான். இராவணன் தேவராலும் அரக்கராலும் சாகாத வரம் கேட்டான், மனிதரைப் பொருட்படுத்தாமல் விட்டான். இரணியன் பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும், மனிதராலும் மிருகத்தாலும் சாகாத வரம் பெற்றான். அந்தி வேளையில், வாசற்படியில், மனிதனும் சிங்கமுமான உருவம் அவனைக் கிழித்தது. வரத்தின் ஒரு சொல்லும் மீறப்படவில்லை, ஒரு எண்ணும் திரைக்குப் பின்னால் குறைக்கப்படவில்லை. எழுதிய விதியைக் காப்பாற்றிக்கொண்டே அதன் இடைவெளியில் நுழைந்த தீர்ப்பு அது. ஆட்டத்தை நடத்துகிறவர் யாரும் படிக்க வேண்டிய பாடம்.

சூரபன்மனை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். கந்தசஷ்டியின் ஆறாம் நாள் வன்னியின் முருகன் கோயில் வீதிகளில் சூரன் போர் நடக்கிறது. இளைஞர்கள் சூரனைத் தோளில் தூக்கி உலுப்பிக்கொண்டு ஓடுவார்கள். ஆனைமுகம், சிங்கமுகம், சூரனின் சொந்த முகம் எனத் தலைகள் மாறும். பிறகு மாமரம். வேல் பட்டதும் சேவலும் மயிலும். இன்றைய ஆட்ட வடிவமைப்பாளர்கள் பெரிய பூதத்துக்குக் கட்டம் கட்டமாக உருவமும் விதியும் மாற வேண்டும் என்று எழுதுகிறார்கள். வீதியில் நிற்கும் பிள்ளை அதைக் கண்ணால் கண்டே வளர்கிறது.

அந்தக் கூட்டத்தில் முடிவு தெரியாதவர் ஒருவரும் இல்லை. மாமரத்துக்குப் பின் மயில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் சனம் நெருக்கியடித்து நிற்கிறது. ஆட்டக்காரருக்கு ட்ரோலின் இரகசியம் தெரிந்துவிட்டது என்று பதறி உப்பையும் வெள்ளியையும் தேடுகிற நடத்துநர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வரத்தை ஒளிக்க வேண்டியதில்லை. முதல் நாளே பறையறைந்து சொல்லிவிடலாம்: “இந்த அரக்கனை இரும்பு வெட்டாது, நெருப்புச் சுடாது, பெயர் தெரிந்தவர் எவராலும் இவனைக் கொல்ல முடியாது.” பிறகு ஆட்டக்காரர்கள் மேசையைச் சுற்றியிருந்து தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும். பெயர் வைக்காத குழந்தை ஒன்றைத் தேடிப் போவார்களா, தங்கள் பெயரையே மறக்கும் மந்திரத்தைத் தேடுவார்களா? எது வந்தாலும் அது அவர்கள் கண்டுபிடித்த ஓட்டை. குறுக்குவில் அம்பை விட அது எவ்வளவோ மேல்.

புராணத்தை விட்டுக் காட்டுக்குள் வந்தால், புத்தகம் இன்னும் பின்தங்கிப் போகிறது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் கறுப்புக் கரடிக்கு உயிர்ப்புள்ளி 19, பழுப்புக் கரடிக்கு 34. இரண்டுக்கும் கூர்மையான மோப்பம், கடியும் நகமுமாக ஒரே முறையில் இரண்டு தாக்குதல். வன்னிக் காட்டின் கரடி இவற்றில் எதுவுமில்லை. அதற்குக் கண்ணும் காதும் மட்டம், மூக்குத்தான் துணை. புற்றை உறிஞ்சிக்கொண்டோ பாலைப்பழம் தின்றுகொண்டோ நிற்கும்போது ஆள் திடீரென்று கிட்ட வந்துவிட்டால் வெருண்டு பாயும். பாய்ந்தால் முகத்தைத்தான் கிழிக்கும். பாலைப்பழத்துக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு நடப்பது அதனால்தான். முல்லைத்தீவுப் பெடியன் ஒருவன் ஆட்டத்தின் நடுவே “அண்ணை, கரடிக்குத் தூரத்தில கண் தெரியாதெல்லோ, நாங்கள் கத்திக்கொண்டு போறம்” என்று சொன்னால், நடத்துபவர் புத்தகத்தை மூடிவிட வேண்டும். கரடி விலகிப் போயிற்று என்பதே சரியான தீர்ப்பு. பகடையும் வேண்டாம். வெர்டி டு வெர்னுவா கேட்ட அனுபவம் இங்கே ஆட்டக்காரரிடம் இருக்கிறது. அதை ஏற்பதில் நடத்துநருக்கு மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மிருகங்கள் சாகும் வரை சண்டை பிடிப்பதில்லை என்பதும் புத்தகத்தின் எண்களில் தெரியாது. வழி இருந்தால் ஓடிவிடும். வழி அடைபட்டால் நிலைமை வேறு. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது, கடைசியில் சனம் அதை அடித்துக் கொன்றது. அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்த ஒருவர் நடத்தும் மேசையில், சிறுத்தைக்கு உயிர்ப்புள்ளி எத்தனை என்ற கேள்விக்கு முன்னால், அதற்கு வெளியே போக வழி விட்டீர்களா என்ற கேள்வி வரும். கதையே அங்கே திரும்பிவிடும்.

ஒரு பூதத்தை மாற்றுவதோடு நில்லாமல், மேசையிலிருந்தே எடுத்துவிட வேண்டிய நேரமும் உண்டு. இந்த ஆட்டங்களில் மறைபொறிகள் ஏராளம்: மிதித்தால் வெடிக்கும் கல், நிலத்தில் எழுதிய மந்திரம், காலடியில் வாய் திறக்கும் குழி. எழுதப்பட்ட ஊர்களில் இவை வெறும் விளையாட்டு. வன்னியில் அப்படியில்லை. இலங்கை 2017 டிசம்பரில்தான் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலைப் பக்கம் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்து வெடிகளை எடுத்தவர்களில் அயலூர்ப் பெண்களும் பலர். தாய் அந்த வேலைக்குப் போன ஒரு பிள்ளை மேசையில் இருக்கலாம். காலை இழந்தவரின் பிள்ளையும் இருக்கலாம். 2013இல் ஜோன் ஸ்டாவ்ரோபுலோஸ் என்ற அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளர் ‘எக்ஸ் அட்டை’ என்ற எளிய வழியைச் சொன்னார். மேசை நடுவே எக்ஸ் எழுதிய அட்டை ஒன்று கிடக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்த இடத்தில் வந்த விடயம் கதையிலிருந்து நீங்கிவிடும், காரணம் கேட்கக் கூடாது. வன்னி மேசைக்கு அந்த அட்டை கட்டாயம். அதற்கும் முன்னாலேயே, நடத்துபவர் மிதிபொறிகளைத் தானாகவே நீக்கிவிடுவது இன்னும் நல்லது. விதி மாற்றங்களில் இதற்கு நிகரான பெறுமதி வேறு எதற்கும் இல்லை.

சட்டப்படி இதையெல்லாம் தமிழில் எழுதி வெளியிடலாமா என்ற கேள்விக்கும் இப்போது தெளிவான பதில் உண்டு. 2023 ஜனவரியில், விதிகளைப் பிறர் பயன்படுத்தும் உரிமத்தை இறுக்கப்போன இன்றைய வெளியீட்டாளருக்கு எதிராக உலகெங்கும் ஆட்டக்காரர்கள் கிளர்ந்தார்கள். அந்த மாதம் 27ஆம் திகதி நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை ‘கிரியேட்டிவ் கொமன்ஸ்’ உரிமத்தில் விடுவித்தது. நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட தொகுப்பு அது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கலாம். திரும்பப் பெற முடியாத உரிமம். 2025இல் புதிய பதிப்பின் தொகுப்பும் அவ்வாறே வந்தது.

நம் பக்கத்து மண்ணைத் தாங்களே எழுதத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். 2022இல் வெளியான ‘ஜேர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பின் பதின்மூன்று சாகசக் கதைகளில் ஒன்றைக் கொல்கத்தாவில் பிறந்த மிமி மொண்டால் எழுதினார். ஆறும் காடும் மூடுபனியுமாக வங்காளத்தின் சாயல் கொண்ட நாடு அது. தொலைக்காட்சித் தொடரிலிருந்து இறக்கிய இந்தியா அல்ல.

வன்னியிலிருந்து யாராவது அந்த வேலையைத் தொடங்கினால், யானையிலிருந்து தொடங்குவது நல்லது. விடுவிக்கப்பட்ட தொகுப்பில் யானைக்கு உயிர்ப்புள்ளி 76, காப்பு எண் 12, இருபதடி நேராக ஓடி வந்து இடித்து மிதிக்கும் ஒரு தாக்குதல். வயலுக்குள் இறங்கிய யானையைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. காவல் குடிலில் இரவு விழித்திருக்கும் கமக்காரருக்குத் தெரிந்தது வேறு: யானை வெடிக்கு அது முதலில் வெருண்டு ஓடும், நாளடைவில் சத்தம் பழகிவிடும், பிறகு வெடி போட்டாலும் நின்று தின்னும். இதை விதியாக எழுதுவது கடினமில்லை. முதல் வெடிக்கு யானை ஓடுகிறது. இரண்டாவது இரவிலிருந்து ஒவ்வொரு வெடிக்கும் நடத்துபவர் எல்லாரும் பார்க்கப் பகடை உருட்டுகிறார். யானை ஏற்கெனவே கேட்ட வெடிகளின் எண்ணிக்கை அந்தப் பகடையில் கூட்டப்படுகிறது. பதினைந்தைத் தாண்டினால் யானை அசையாது, அந்த யானைக்கு இனி வெடி பயன்படாது, ஆட்டக்காரர்கள் வேறு வழி யோசிக்க வேண்டும்.